பூசை மாலை

ஆவணி 9, செவ்வாய். வட்டக்கச்சி.

படப்பிடிப்பில் இயக்குநர் வேலை செய்வதைப் புகைப்படம் எடுப்பதுதான் என் வேலை. போரில் காணாமல் போன தன் சொந்த மகனின் படத்தோடு நடிக்க வந்த யோகமக்காவுக்கு இன்று அழுகையே வரவில்லை.

"என்ன செய்தா இவ அழுவா?" என்று இயக்குநர் என்னிடம் கேட்டார்.

"காணாமல் போன பிள்ளையின்ரை படத்துக்கு இஞ்சை ஒருத்தரும் மாலை போடாயினம், சேர்" என்றேன். ஏன் சொன்னேன்?

காலையில் படப்பிடிப்புப் பூசையில் தனக்கு விழுந்த மாலையை எடுத்து, இயக்குநரே அந்தப் படத்துக்குப் போட்டார்.

"ஐயோ, என்ரை பிள்ளை இருக்கிறான்! கழட்டுங்கோ தம்பி!" என்று அக்கா அலறினார். கமரா ஓடியது. நானும் எடுத்தேன். இயக்குநரின் கை, மாலை, அக்காவின் திறந்த வாய், எல்லாம் தெளிவாக விழுந்திருக்கின்றன.

"இதுதான் போஸ்டர்" என்று இயக்குநர் என் முதுகில் தட்டினார்.

மாலையைப் பிறகு யார் கழற்றினார்கள் என்று தெரியாது. அப்போது நான் வெளிச்சம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.