வெல்லம் கழுவாத விஷம்

ஜூன் 23, திங்கள்

வெயில். கோட்டைப் பாறை மாலை வரை அனல் கக்கியது. அண்ணன் சட்டை இரண்டு அலசல். பெயிண்ட் நெடி போகவில்லை.

மதியம் அவன் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வேனுக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தான். முகமூடி என்பது ஈரக் கைக்குட்டை. முடித்ததும் முதலாளி ஆளுக்கொரு வாழைப்பழம், ஒரு வெல்லக்கட்டி. பிரசாதம் மாதிரி.

"இன்னாம்மா பாக்குற? வெல்லம் தின்னா உள்ள போன பெயிண்டெல்லாம் வழிச்சினு போய்டும்."

"நீங்க ஸ்ப்ரே கன்னு புடிச்சி நான் பாத்ததே இல்லியே."

அண்ணன் முறைத்தான். பிறகு இருமல்.

ஜூன் 24

எம்.எஸ்சி. நோட்டைத் தேடி எடுத்தேன். உயிர்வேதியியல், கரையான் அரித்தது போக மீதி.

பெயிண்ட் இறுகுவதற்குக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம். தூசி மாதிரி படிந்து இருமலில் வெளியேறுகிற சாமான் இல்லை. மூச்சுக்குழாய்த் திசுவின் புரதத்தோடு பிணைந்துவிடும். பிணைந்த புரதம் தன்னுடையது என்று உடலுக்குத் தெரியாது, எதிரி என்று பாயும். அதுதான் மூச்சிழுப்பு.

வெல்லம் போவது இரைப்பைக்கு. இரண்டு குழாய்க்கும் வித்தியாசம் தெரியாதவர் பட்டறை நடத்துகிறார். நைனா இன்னும் மேல்: "ஃபேன் காத்து ஆவல அவனுக்கு."

நான்? இவ்வளவும் படித்துவிட்டு மூன்று மாதமாக இருமல் சிரப் வாங்கிக் கொடுத்தவள்.

ஜூன் 25, அமாவாசை

பட்டறை லீவு. முதலாளி மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போய்விட்டார். ஸ்பெஷல் பஸ்களில் ஊரே தொங்குகிறது.

அண்ணனுக்கு இருமலே இல்லை.

"அங்காளம்மா புண்ணியம்" என்றார் நைனா.

"பட்டறை லீவு நைனா, அதான்."

அண்ணனிடம் முழுசாகச் சொன்னேன். இப்போதே விட்டால் நுரையீரல் தேறலாம். இன்னும் அடித்தால் ஆயுளுக்கும் இழுப்பு.

"எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான் பாப்பா." நகத்தில் ஒட்டிய பெயிண்டைச் சுரண்டினான். "சரி. பட்டறை வாசல்ல உக்காந்து நம்பர் பிளேட் எழுதறேன். பிரஷ் வேல."

நல்ல யோசனை என்றேன்.

ஜூன் 28, சனி

பதினொரு மணிக்கு முதலாளி போன். "உங்கண்ணனுக்கு மூச்சு வாங்குது, வந்து கூட்டினு போ."

உள்ளே வேறொருவன் ஸ்ப்ரே. வாசலில் அண்ணன், தோள் ஏறி, உதடு வெளுத்து.

"நான் கன்னயே தொடல பாப்பா."

தொட வேண்டாம். ஒருமுறை பகையான உடலுக்குக் காற்றில் வருகிற துளி போதும். நோட்டில் அடுத்த பக்கத்திலேயே இருந்தது. அன்று நான் புரட்டவில்லை. முதலாளியை மட்டும் முட்டாள் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஆட்டோ. ஆஸ்பத்திரி. ஆவி மருந்து. நர்ஸ், சீட்டு எழுதிக்கொண்டே: "இன்னா வேல செய்றாரு?"

"பெயிண்டர். ஹார்டனர் கலந்து ஸ்ப்ரே. அதையும் எழுதுங்க" என்றேன்.

அண்ணன் மாஸ்க்கை விலக்கினான். "செஞ்சினு இருந்தேன்னு எழுதுங்கக்கா."