தம்பி படகில் இருக்கும் ரேடியோ

கவி,

மேல்முறையீடும் தள்ளுபடியாகிவிட்டது. இரைச்சலுக்குள் மங்கிய குரலைப் பிடிக்கும் என் ரேடியோவுக்கு இனி காப்புரிமை கிடைக்காது.

எதிர்த்தரப்பு ஒரு பேப்பர் கட்டிங்கைக் காட்டியது. பழவேற்காட்டில் உன் தம்பி, தத்தளித்த படகின் குரலைக் கேட்டுப்போய் நான்கு பேரை மீட்ட செய்தி. போட்டோவில் அவன் படகில் என் ரேடியோ. நான் விண்ணப்பித்ததற்கு மூன்று வாரம் முந்தைய தேதி. ஏற்கெனவே வெளியில் புழங்கியது புதிது ஆகாதாம்.

“மனு போடுறதுக்கு முன்னாடியே அத்த ஏன் சார் குடுத்தீங்க?” என்றார் வக்கீல். “பழைய ரேடியோவுல ஒண்ணும் கேக்கல மாமா, பேஜாரா கீது” என்று அவன் வந்து நின்றதை நான் சொல்லவில்லை.

ரேடியோ செய்துவந்த கவரைப்பேட்டை ஷெட்டைப் பூட்டிவிட்டேன். சாப்பிட்டேன்.

தோற்றதைத் தம்பியிடம் சொல்லாதே. ரேடியோவைக் கழற்றிக் கொண்டுவந்துவிடுவான்.

உன் வீட்டுக்காரன்