பிரேக் எட்டினால் நெஞ்சு இடிக்கும் கார் இருக்கை

அனுப்புநர்:
வாடகைக் கார் ஓட்டுநர் (பெண்),
ரயில் நிலையக் கார் நிறுத்தம்.

பெறுநர்:
போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
ஓட்டுநர் உரிமப் பிரிவு.

பொருள்: விபத்துக்குப் பின் நிறுத்தி வைத்த உரிமத்தைத் திரும்பத் தரவும், குறை என் உடம்பிலா காரிலா என்று தெளிவுபடுத்தவும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பதினோரு ஆண்டுகளாக வாடகைக் கார் ஓட்டி வருகிறேன். உயரம் நான்கடி எட்டு அங்குலம். பழைய காரில் இதை யாரும் கேட்டதில்லை.

1. மூன்று ஆண்டுகளுக்கு முன் கார் தயாரிக்கும் நிறுவனத்தார் எங்கள் நிறுத்தத்து ஓட்டுநர்களை அழைத்துப் போய் உடம்பை அளந்தார்கள். உட்கார்ந்த உயரம், முழங்காலிலிருந்து குதிகால், தோளிலிருந்து விரல்நுனி என்று முப்பத்திரண்டு அளவுகள். அளந்த பெண், "உங்கள மாதிரி ஆளுங்க வசதியா உட்காரத்தான்க்கா இதெல்லாம்" என்றார். வீட்டில் அன்று முழுக்க அதே பேச்சுதான்.

2. அந்த நிறுவனத்தின் புதுக் கார் வந்தது. இருக்கையை முழுவதும் முன்னால் தள்ளியும் பிரேக் நுனிக்காலுக்குத்தான் எட்டியது. என் கணவர் முதுகுக்குத் தலையணை வைத்துக் கட்டிக் கொடுத்தார். கால் நன்றாக எட்டியது; ஆனால் ஸ்டீயரிங் நெஞ்சுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது.

3. சென்ற மாதம் முன்னால் போன லாரி சட்டென்று நின்றதால் மோதிவிட்டேன். பின்னிருக்கைப் பயணிக்குக் கீறல்கூட இல்லை. எனக்கு ஏர்பேக் வெடித்து நெஞ்செலும்பில் விரிசல்.

4. ஸ்டீயரிங்குக்கு அருகே உட்கார்ந்தது என் தவறு, தலையணையும் தவறு என்று விபத்தை விசாரித்த ஆய்வாளர் எழுதியுள்ளார். தள்ளி உட்கார்ந்தால் பிரேக் எட்டாதே என்றேன். அதற்குக் கார் பொறுப்பில்லையாம். நிறுவனத்துக்கு எழுதினேன். என் அளவுகள் பத்திரமாக உள்ளன, ஆனால் மிகக் குட்டையானவர், மிக நெட்டையானவர் அளவுகளை வடிவமைப்பில் சேர்ப்பதில்லை என்று பதில் வந்தது. சேர்க்காததை எதற்கு அளந்தார்கள்? மருத்துவரோ என் கைகால் எல்லாம் சரியாக இருப்பதாகச் சான்று தந்துள்ளார். யாரை நம்புவது என்றே புரியவில்லை ஐயா. கண்ணாடி முன் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரை அனுப்பி, அந்த இருக்கையில் நான் எப்படி உட்கார வேண்டும் என்று காட்டச் சொல்லுங்கள். அப்படியே உட்காருகிறேன். காட்ட முடியாவிட்டால், முடியவில்லை என்று எழுத்தில் தாருங்கள்.

உரிமம் கோரும் படிவத்தை இணைத்துள்ளேன். அதில் "உடற்குறை: உண்டு / இல்லை" என்று ஒரு கட்டம். இல்லை என்றால் பொய்யாகுமோ, உண்டு என்றால் வேலை போகுமோ, தெரியவில்லை. அதை மட்டும் நிரப்பவில்லை. என்னை நேரில் பார்த்துவிட்டுத் தாங்களே நிரப்பிவிட வேண்டுகிறேன்.

இடம்: தங்கள் அலுவலக வரவேற்பறை
நாள்: ஜூன் 9

இப்படிக்கு,
(கையொப்பம்)
உரிமம் தங்கள் வசமுள்ள ஓட்டுநர்