நிமிட நோட்டு

அன்புள்ள வாண்டுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே, மணி பன்னிரண்டரை ஆகிறது, கையெழுத்து கோணினால் தூக்கம் என்று வைத்துக்கொள். இங்கே நான் சுகம், அப்பாவும் வேலை பார்க்கும் ஊரில் சுகமாகத்தான் இருக்கிறாராம், இந்த ஞாயிறும் வர முடியாது என்று சொல்லிவிட்டார், உனக்கு இருமல் விட்டதா, ஹாஸ்டல் ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டார்களா என்று எழுது. ஈரத் தலையோடு காலேஜுக்கு ஓடாதே. சாயங்காலம் பயிற்சி முடிந்து வந்து விசிலை ஆணியில் மாட்டினால் அப்புறம் பேச ஆளில்லை, நேற்று குக்கரைப் பார்த்து 'போதும், நிறுத்து' என்றேன், அதுவும் கேட்கவில்லை.

விஷயம் என்னவென்றால், நான் பாஸ்கெட்பால் கோச்சாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறதென்று அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளியில் கேடயம் தருகிறார்கள். மூன்று வயசு வாண்டாக இருந்த உன்னைப் பந்துப் பைமேல் தூங்க வைத்துவிட்டு முதல் டீமை ஓடவிட்டது நேற்றுபோல இருக்கிறது. ஹெச்.எம். கூப்பிட்டு, 'மேடையில் வாசிக்க நாலு வரி வேணும் டீச்சர், எத்தனை பிள்ளைங்க, எத்தனை கோப்பைன்னு எழுதிக் கொடுங்க' என்றார். கோப்பை இரண்டுதான். எட்டாவது முடித்ததும் பெரிய பள்ளிக்குப் போய்விடுகிறார்கள், அங்கேதான் உயரமாகிறார்கள், அங்கேதான் ஜெயிக்கிறார்கள், பேப்பரில் போட்டோ பார்த்துவிட்டு இவளுக்கு ஷூ லேஸ் கட்டச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்று யாரிடமாவது சொல்லலாமென்று திரும்பினால் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பார்கள். ஹெச்.எம். தானாகவே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார், 'எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி நடத்தியவர்' என்று. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

கணக்கெடுக்கப் பரணிலிருந்து நிமிட நோட்டுகளை இறக்கினேன். ஒவ்வொரு மேட்சிலும் யார் எத்தனை நிமிஷம் ஆடினார்கள் என்று குறிப்பேனே, யாரும் பெஞ்சிலேயே தேய்ந்துபோகக் கூடாதென்று, அதுதான். நீ எட்டாவது படித்த வருஷத்தைக் கூட்டினேன். பன்னிரண்டு பேரில் எல்லோரையும்விடக் குறைவு நீதான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் கூட்டினேன். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாளே உன் சிநேகிதி, அவள்கூட உன்னைவிட நாற்பது நிமிஷம் அதிகம். மற்ற அம்மாக்கள் 'கோச் மகளாச்சே' என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் ஒவ்வொரு மேட்சிலும் உன்னைக் கொஞ்சம் முன்னதாக வெளியே எடுத்திருக்கிறேன், மொத்தமாக எவ்வளவு என்று ஒரு நாளும் கூட்டிப் பார்த்ததில்லை.

கோர்ட்டில் நான் கோச், பள்ளி கேட்டைத் தாண்டினால் அம்மா என்று ஆறாவதில் நீதான் சட்டம் போட்டாய். எட்டாவதில் கடைசி மேட்ச் ஒரு பாயிண்டில் தோற்ற அன்று நீ பெஞ்சில் இருந்தாய். அன்றைக்குக் கேட்டைத் தாண்டியும், பஸ்ஸிலும், வீட்டு வாசல் வரைக்கும் 'சரி கோச்', 'சரி கோச்' என்றே வந்தாய். விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நான் சிரித்தேன். ஒன்பதாவதில் முட்டி வலிக்கிறது, இனிமேல் ஆடவில்லை என்றாய், நானும் தைலம் வாங்கிக் கொடுத்தேன். அதற்கப்புறம் நீ முட்டியைப் பிடித்து நான் பார்த்ததே இல்லை, மாடிப்படியை இரண்டிரண்டாகத்தான் ஏறுவாய்.

போனில் கேட்டால் 'அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, நீ தூங்கு' என்பாய், அதனால்தான் கடிதம். அந்த 'ஒரே மாதிரி' வரியை அடித்துவிடுங்கள் என்று ஹெச்.எம்மிடம் நாளைக்கே சொல்லிவிடுவேன், அது பெரிய காரியமில்லை. எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான் கண்ணு. அது முட்டி வலிதானா?

வேளைக்குச் சாப்பிடு, தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படு. எங்கே இருந்தாலும் உடம்பும் மனசும் நன்றாக இருந்து நீ சந்தோஷமாக இருக்கவேண்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

பி.கு: கடிதத்தைக் 'கோச்' என்று ஆரம்பித்தாலும் பரவாயில்லை. சீக்கிரம் பதில் எழுது.