இரண்டு கோடு விழுந்த பால்

மார்ச் 4
பண்ணையில் காலில் சிவப்பு நாடா கட்டிய மாடுகள் இன்று ஒன்பது. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பால் விற்பனைக்குப் போகாது; என் சோதனை அறைக்கு வரும். காரம் சேர்த்துச் சூடாக்கி, அமிலம் விட்டுச் சமன் செய்கிறேன். பென்சிலின் உடைந்துவிடும். சோதனைப் பட்டையைப் பாலில் முக்கினால் எட்டு நிமிடத்தில் இரண்டு கோடு. மருந்து இல்லை என்று அர்த்தம். கன்றுகள் குடிக்கலாம். சாக்கடைக்குப் போயிருக்க வேண்டிய பால். யோசனை என்னுடையது. கொஞ்சம் கர்வம். இருக்கட்டும்.

மார்ச் 9
கன்றுகளுக்குப் பால் ஊட்டும் அக்கா வாளியோடு வாசலில் நின்றாள். "என்ன சயின்டிஸ்ட்டு, இன்னைக்கு எத்தனை கோடு?" இரண்டு என்றேன். அப்படியென்றால் மனுஷர்களும் குடிக்கலாமா என்று கேட்டாள்.
"சுத்தம்தான்க்கா."
எழுதிக்கொண்டே சொன்னேன். தலையைத் தூக்கவில்லை.

மார்ச் 12
மழை. ஒன்றுமில்லை.

மார்ச் 17
அக்காவின் மகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பாம். ஏழு வயது, வாலு என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். வேர்க்குரு என்கிறாள் அக்கா. "குரங்காட்டம் சொறிஞ்சிக்கிட்டே கெடக்கா." சிரித்தாள். சின்ன வயதில் ஏதோ மாத்திரை கொடுத்து முகமே வீங்கிப்போனதாம், அதற்கு இது பரவாயில்லையாம். ஒரு வாரமாகத் தினமும் ஒரு டம்ளர் பால் கொடுத்தும் பிள்ளை தேறவில்லை என்று குறைப்பட்டாள்.
எந்தப் பால்? கேட்க வாய் வரவில்லை. பட்டையில் இரண்டு கோடு இருந்ததே. தினமும் இருந்ததே.

மார்ச் 18
மாட்டு டாக்டரிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். பென்சிலின் கேட்கவில்லை என்று இரண்டு வாரமாக எல்லா மாட்டுக்கும் சல்பா என்ற வேறு மருந்தை ஊசி போடுகிறாராம். "போர்டுல எழுதிப் போட்டேனே, நீ பாக்கலையா?"
போர்டு பால் கறக்கும் கொட்டகையில். நான் அங்கே போவதில்லை. நாற்றம் பிடிக்காது.
என் பட்டைக்குப் பென்சிலினை மட்டும்தான் தெரியும். ஊசியிலேயே இல்லாத ஒன்றை இல்லை இல்லை என்று தினமும் சொல்லியிருக்கிறது. சல்பா சூட்டுக்கும் மசியாது, காரத்துக்கும் மசியாது. நான் எதையும் நீக்கவில்லை. பாலைச் சூடாக்கியிருக்கிறேன். அவ்வளவுதான்.

மாலை
மேனேஜரிடம் சொன்னேன். குரலே உயர்த்தவில்லை. "சத்தமில்லாம கொட்டிடு. அவ எடுத்துட்டுப் போனது அவ தப்பு. நீ ஏன் வாயைக் கொடுக்கறே?"
தலையாட்டிவிட்டு வந்தேன். ஏன் தலையாட்டினேன்? அக்கா வீடு நான்கு தெரு தள்ளித்தான். செருப்பைக்கூட மாட்டினேன். பிறகு கழற்றினேன்.
வேலை போய்விடும். போகட்டும் — போகட்டும் என்று எழுத முடிகிறது, எழுந்திருக்க முடியவில்லை. சின்ன வயதில் வாலுவின் முகத்தை வீங்கவைத்த மாத்திரையும் சல்பாதானோ? வெறும் தடிப்புதானே? வெறும் தடிப்பா?

மார்ச் 19
விடிந்ததும் ஓடினேன். டம்ளர் காலியாக இருந்தது. வாலுவின் உதடு வீங்கியிருந்தது. மூச்சில் விசில் சத்தம்.
"அக்கா, அந்தப் பால்ல மருந்து இருக்கு."
"நீதானடி சுத்தம்னு சொன்னே."
ஆட்டோவில் பிள்ளை என் மடியில். இவ்வளவு லேசாகவா ஒரு பிள்ளை இருக்கும்? ஆஸ்பத்திரியில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். சல்பா என்றேன். எத்தனை நாளாக, எவ்வளவு, எல்லாம் சொன்னேன். எப்போது தெரியும் என்று டாக்டர் கேட்டார்.
நேற்று மத்தியானம்.
அதையும் அக்கா கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

மார்ச் 20
மூச்சு சீராகிவிட்டது.

மார்ச் 28
மேனேஜர் பேசுவதில்லை. வேலையிலிருந்து இன்னும் அனுப்பவில்லை, அனுப்பலாம். சல்பா மாடுகளின் பாலைக் கரித்தூளில் வடிகட்டிப் பார்க்கிறேன். சல்பாவில் பாதியைத்தான் பிடிக்கிறது. மீதிப் பாதிக்கு வழி தெரியவில்லை. அந்தப் பால் முழுவதையும் கழிவுத் தொட்டியில் கொட்டுகிறேன். தினமும் முதல் வேலையாகக் கொட்டகைக்குப் போகிறேன்.

ஏப்ரல் 6
சில மாடுகளுக்கு டாக்டர் மறுபடி பென்சிலின் போடுகிறார்; அந்தப் பால் மட்டும் இப்போது கன்றுகளுக்கு. பட்டையும் இரண்டு வகை, சல்பாவுக்கும் ஒன்று.
அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டாள். வாளியைக் கீழே வைத்தாள். வாலு எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்றாள், சுவரைப் பார்த்து. பால் சரியாக இருக்கிறது என்று ஆரம்பித்தேன்.
"நீ சொல்லாதே. முக்கு, நான் பாக்கறேன்."
முக்கினேன். எட்டு நிமிடம், பக்கத்துப் பக்கத்தில் நின்றோம்.