திரும்பியவர் பதினேழு என்று நான் இட்ட ஒப்பம்

அனுப்புநர்
ஞாயிறு நடைக்குழுவின் கடைசி ஆள்
(வயது 58, பள்ளிச் சீருடை தையற்கடை நடத்துபவர்),
தற்சமயம் மலை நுழைவாயில் சோதனைச் சாவடி பெஞ்சு.

பெறுநர்
அலுவலர் அவர்கள்,
மலைப்பகுதி மீட்புப் பிரிவு.

பொருள்: நேற்று மலை ஏறிய என் தம்பி இறங்கவில்லை – இறங்கியதாக நான் இட்ட ஒப்பம் தவறு – தேடுதல் குழுவை உடனே அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் பதினொரு மணி வரை கூட்டத்தில் இருப்பதாகச் சாவடி எழுத்தர் சொன்னார். கூட்டத்துக்கு நடுவிலேயே தங்கள் கைக்கு எட்டட்டும் என்றுதான் இதை ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறேன். முழுதும் படிக்க நேரமில்லை என்றால் இந்த மூன்று வரி போதும். என் தம்பி, வயது ஐம்பத்து நான்கு, லிஃப்ட் மெக்கானிக், சர்க்கரை நோயாளி, நேற்றுக் காலையிலிருந்து மலைமேல் இருக்கிறான். அவனுடைய மாத்திரைப் பெட்டி என் பையில் இருக்கிறது. தம்பியை ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை, பொறுத்துக்கொள்ளவும்.

1. எங்கள் குழு ஞாயிறுதோறும் ஊருக்கு வெளியே கூட்டாக நடந்துவிட்டு வருவது. முன்னால் வழிகாட்டிப் போகிறவர் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். கடைசியில் நடப்பவள் நான். கடைசி ஆளுக்கு ஒரே ஒரு விதிதான்: குழுவில் ஒருவர்கூட அவருக்குப் பின்னால் இருக்கக் கூடாது. யார் நின்றாலும் நானும் நிற்க வேண்டும். முள் எடுக்க, போட்டோ எடுக்க, சும்மா மூச்சு வாங்க என்று ஆறு வருடமாக யார் யாருக்கோ நின்றிருக்கிறேன்.

2. நேற்றுக் காலை எட்டு மணிக்கு உள்ளே சென்றவர் பதினேழு. பன்னிரண்டரைக்குத் திரும்பியவர் பதினேழு. பதிவேட்டில் இரண்டுமே என் கையெழுத்து. இன்று ஏழு மணிக்கு எழுத்தரிடம் போய் நின்றபோது அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். “பதினேழு போச்சு, பதினேழு வந்துச்சு. கையெழுத்தும் உங்களுதுதான். இதுக்கு மேல நான் என்னம்மா பண்றது? வளர்ந்த ஆளு, எங்கயாவது சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருப்பாரு” என்றார். அவனுக்கு இருக்கிற ஒரே சொந்தக்காரிதான் ஐயா இந்த மனுவை எழுதிக்கொண்டிருக்கிறாள். அந்த எழுத்தரைப் பத்து நிமிடம் கண்டபடி கத்தித் தீர்த்துவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

3. பதினேழு எப்படி வந்தது என்பது இன்று எட்டு மணிக்குத்தான் தெரிந்தது. மலைமேல் தேனீப் பெட்டிகள் வைத்திருப்பவர் ஒருவர் சாவடிக்கு வந்தார். உள்ளூர்க்காரர் என்பதால் அவர் பதிவேட்டில் எழுதுவதில்லை. அவருடைய பழுப்புத் தொப்பியையும் சேர்த்துத்தான் நேற்று நான் எண்ணியிருந்தேன். நேற்று எங்கள் குழுவுக்குப் பின்னாலேயே இறங்கி வந்து, குழுவிலுள்ள பேக்கரிக்காரர் ஃபிளாஸ்கிலிருந்து எல்லோருக்கும் டீ ஊற்றியபோது அவரும் வரிசையில் நின்றிருக்கிறார். “குடுத்தாங்க, குடிச்சேன். நல்ல டீம்மா” என்கிறார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. டீ வரிசையில் நின்ற தலைகளை எண்ணிப் பதினேழு என்று எழுதிக் கொடுத்தது நான்.

4. கூடப் பிறந்தவன் வரிசையில் இல்லாதது அக்காவுக்கே தெரியாதா என்று கேட்பீர்கள். கேட்கும் முன் நானே எழுதிவிடுகிறேன். மனைவி போன பிறகு ஒன்றரை வருடமாக அவன் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. நான்தான் பிடிவாதமாகக் குழுவில் சேர்த்தேன். நேற்று அவனுக்கு மூன்றாவது ஞாயிறு. புது ஷூவும் நான் வாங்கித் தந்ததுதான். கடிக்கிறது என்றான், நடந்தால் சரியாகிவிடும் என்றேன். திரும்பும் வழியில் பழைய கல்குவாரி அருகே நான்காவது முறையாக உட்கார்ந்தான். “உன் ஒருத்தனுக்காகப் பதினாறு பேரும் நிக்கணுமா? வீட்லதான் உக்காந்தே கிடக்கிற, இங்கயுமா?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். “நான் வர்றேன்னு கேட்டேனாக்கா? நீ போ” என்றான். நான் போனேன்.

பத்து நிமிடத்தில் எனக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. வந்துவிட்டான் என்று நிம்மதியாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் நான் தோற்றதாகிவிடும் என்று வீம்புக்குத் திரும்பவில்லை. கீழே வந்தும் அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் தலைகளை மட்டும் எண்ணினேன். பின்னால் வந்தவர் தேனீக்காரர், ஐயா. ஒருமுறை கழுத்தைத் திருப்பியிருந்தால் இந்த மனுவுக்கே வேலை இல்லை.

5. அவன் பஸ்ஸில் வந்தவன், நான் பேக்கரிக்காரர் வேனில் வந்தவள். ஆகவே சொல்லாமல் பஸ் ஏறிவிட்டான் என்றே நினைத்தேன். மாலையில் மாத்திரைப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கதவு திறக்கவில்லை, போன் எடுக்கவில்லை. உள்ளேதான் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நம்பி, “சரி, தப்பு என்னோடதுதான், திறடா” என்று மூடிய கதவிடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன். இன்று காலை ஆறு மணிக்கு நேற்றைய பேப்பரின் மேல் இன்றைய பேப்பர் கிடந்தது. வீட்டு உரிமையாளர் மாற்றுச் சாவியால் திறந்தார். உள்ளே யாரும் இல்லை.

6. தேனீக்காரர் அவனைப் பார்த்திருக்கிறார். “குவாரிகிட்ட ஒருத்தர் ஷூவைக் கழட்டிட்டு உக்காந்திருந்தாரு. பேச்சுக் குடுக்கிற மாதிரி மூஞ்சி இல்ல. அதான் வந்துட்டேன்” என்கிறார். அப்போது மணி பதினொன்றேகால். அங்கிருந்து வழி மூன்றாகப் பிரிகிறது, பெயர்ப்பலகை கிடையாது, ஒரு வழி நேராகப் பாறை விளிம்புக்குப் போகிறது. பிற்பகலில் கனமழை என்று வானொலியில் சொல்கிறார்கள். ஆனால் தேனீக்காரர் பதிவேட்டில் இல்லாதவர் என்பதால் அவர் சொல்வதைப் பதிய முடியாதாம். பார்த்தவர் கண் முன்னால் நிற்கிறார் ஐயா, அவரைத் தாளில் தேடுகிறார்கள்.

ஆகவே, ‘திரும்பியவர் பதினேழு’ என்று நான் இட்ட ஒப்பம் பொய் என இதன் மூலம் எழுதித் தருகிறேன். அதற்கு என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்கிறேன், அவன் கிடைத்த பிறகு எடுங்கள். மோப்ப நாயுடன் குவாரிக்கு உடனே ஆள் அனுப்புங்கள். அவன் துவைக்காமல் போட்டிருந்த சட்டை ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கிறேன். வழி காட்ட வாத்தியாரும் தேனீக்காரரும் தயாராக இருக்கிறார்கள்.

குழுவில் பன்னிரண்டு பேர் கடையையும் வேலையையும் விட்டுவிட்டு இங்கே வந்து நிற்கிறோம். பதினொரு மணிக்குள் தங்களிடமிருந்து ஆள் வராவிட்டால் நாங்களே ஏறுவோம். நுழைவுப் படிவத்தை நிரப்பி எழுத்தரிடம் கொடுத்தாகிவிட்டது. உள்ளே செல்வோர் பன்னிரண்டு. இந்த முறை ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணினேன். வெளியே வருவோர் என்ற இடத்தில் இப்போதே பதின்மூன்று என்று எழுதியிருக்கிறேன். எண்ணிக்கை பொருந்தவில்லை என்று யாரும் அதை அடித்துத் திருத்தாமல் இருக்க, தாங்கள் எழுத்தருக்கு ஓர் உத்தரவு தர வேண்டும்.

இடம்: நுழைவாயில் சோதனைச் சாவடி
நாள்: திங்கட்கிழமை, காலை 9.40

தங்கள் ஆளுக்காக வாசலில் நிற்கும்,
(ஒப்பம்)
அவனுடைய அக்கா