துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

புளி கரைத்த வாடை இன்று காலையிலேயே வீடெல்லாம் வந்துவிட்டது. ஆயுத பூஜை. நம் மருமகள் கல்யாணமாகி வந்து முதல் பூஜை. பித்தளைச் சாமான்களைத் தேய்க்க உட்கார்ந்திருக்கிறாள். பரணிலிருந்து இறக்கிய உங்கள் குட்டைத் துப்பாக்கியும் அரிவாள்மணை பக்கத்தில் கிடக்கிறது. அதைப் பார்த்ததும் உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது. பேசிப் பேசியே உங்களைத் தூங்கவிடாதவள் நான். வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

எண்ணூர் உப்பளத்தில் காவலிருந்த உங்கள் அப்பாவுக்கு ஒரு துரை ஊருக்குப் போகும்போது கொடுத்தது. கார்பைன் என்பீர்கள், குதிரைமேல் போகிறவர்கள் வைத்திருப்பதாம். கட்டையில் பதித்த பித்தளைத் தகட்டில் கொடியும் மானும் செதுக்கியிருந்ததாம். வருஷா வருஷம் வீட்டுப் பெண்கள் புளிபோட்டுத் தேய்த்ததில், நான் வாழ வந்தபோதே தகடு மழுங்கிப் போயிருந்தது.

நீங்கள் படுக்கையில் விழுந்ததும் உங்கள் அண்ணன் பார்க்க வந்தார். நோயாளியிடம் பேசுகிற பேச்சா அது?

"இன்னும் அத்த வெச்சிகினு கீறியாடா? அசல அந்தாளு அப்பவே வித்துக் குடிச்சிட்டாரு. இது கண்ட துப்பாக்கிய ஒடச்சி ஒண்ணா சேத்து வெச்சது."

அதற்கப்புறம் உங்களுக்குச் சோறு இறங்கவில்லை. "நான் போறதுக்குள்ள எங்கப்பன் பேரு சுத்தமாவணும் மே" என்றீர்கள்.

மவுண்ட் ரோடு துப்பாக்கிக் கடையில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவரை நம் மகன் கூட்டிவந்தான். அண்ணனையும் வரவழைத்தீர்கள். பெரியவர் குழலுக்குள் எட்டிப் பார்த்தார், விசையைத் தட்டினார், கட்டையின் வெடிப்பை நகத்தால் தடவினார்.

"குழல் பழசுதான். அடியில நம்பர் இருக்கு. அதே நம்பர் தகட்டுலயும் இருந்தா, எல்லாம் ஒண்ணாப் பிறந்ததுன்னு அடிச்சுச் சொல்லலாம். நீங்கதான் ஒண்ணுமே மிச்சம் வைக்கலையே!"

அண்ணன் தொண்டையைச் செருமினார். பெரியவரின் விரல் தகட்டின் மூலையில் நின்றது. "இது என்னம்மா?"

குங்குமம். தேய்க்கும்போது அந்த இடத்தை மட்டும் நாங்கள் தொடமாட்டோம். பொட்டை அழிக்கலாமா? உங்கள் அம்மா வைத்த பொட்டின் மேலேயே நானும் வைத்துக்கொண்டு வந்தேன். காய்ந்து, வடு மாதிரி தடித்திருந்தது.

"துடைச்சுப் பார்க்கணும்."

"ஐயோ வடிவுடையம்மா! புருஷன் இப்டி படுத்துகினு கீறப்போ பொட்ட அழிக்கச் சொல்றீங்களே!"

நீங்கள் சிரித்தீர்கள். எத்தனை நாள் கழித்துச் சிரித்தீர்கள்! "துப்பாக்கி இன்னா சுமங்கலியா மே? குடு இங்க."

வேட்டி நுனியில் எண்ணெய் தொட்டு நீங்களே துடைத்தீர்கள். குங்குமம் கரைந்த இடத்தில் மானின் தலை வந்தது. கொம்பும் கண்ணும் நேற்றுச் செதுக்கியது போல இருந்தன. கழுத்தடியில் பொடியாக நம்பர். பெரியவர் குழலைத் திருப்பி ஒத்துப் பார்த்தார்.

"அசல்தான்."

அண்ணன் உங்கள் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தார். "அப்பாவப் போயி இன்னா பேச்சு பேசிட்டேன்டா." நீங்கள் கையை அவர் தலைமேல் வைத்தீர்கள். அன்று சாயந்திரம் என் கையால் கொஞ்சம் ரசம் சோறு சாப்பிட்டீர்கள்.

அந்த வருஷப் பொங்கல்வரை கூட நீங்கள் இருக்கவில்லை. என் நெற்றியைத் துடைத்தபோது எனக்கு அந்த மான்தான் நினைவுக்கு வந்தது. துப்பாக்கியின் பொட்டை அழித்ததால்தான் இந்தக் கதி வந்தது என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. வடிவுடையம்மன் சந்நிதியில் நின்று, அப்படித்தானா என்று அழுது கேட்டேன். உங்கள் சிரிப்புதான் காதில் விழுந்தது.

அதிலிருந்து துப்பாக்கிக்கும் பொட்டில்லை. பொட்டில்லாவிட்டால் அந்த மான் தலையையும் ஒரு நாள் புளி தின்றுவிடும்.

மருமகள் குங்குமச் சிமிழோடு வருகிறாள். "அத்தே, எங்க வெக்கறது?"

நான் குங்குமம் தொடக்கூடாது. அவள் விரலைப் பிடித்துத் தகட்டின்மேல் நகர்த்துகிறேன். வழவழவென்று போன விரல் ஓரிடத்தில் சொரசொரப்பில் நிற்கிறது.

"இங்கதாம்மா. இத்த மட்டும் எப்பவும் தேய்க்காத."

கண்ணை மூடிக்கொண்டாலும் என் கை அந்த இடத்துக்குப் போய்விடுகிறது.